தார் ரோடு தொடாமல் தொண்டூர்

“…மொதல்ல இந்த பஸ்ஸு போவட்டும். அதுக்கப்புறம் நான் இன்னா பண்றேன்னு மட்டும் பாருய்யா” என்றாள் என் மனைவி.

வீட்டில் என்னை “வாங்க, போங்க” என்றுதான் கூப்பிடுவாள். சைக்கிள் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு மரியாதை குறைந்துபோகும். காலையிலிருந்து அந்தச் சீட்டிலேயே இருந்தாள். அதனால் தொண்டூருக்கு வந்து சேர்ந்தபோது நான் முழு “யோவ்” ஆகிவிட்டிருந்தேன்.

எங்களுக்கு முன்னால் தார் ரோடு. அகலம் இருபது அடி இருக்கும். அந்தப் பக்கம் அவளுடைய அக்கா வீடு. நடுவில் ஒரு டவுன் பஸ் வீட்டையே மறைத்துக்கொண்டு நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. செஞ்சியிலிருந்து அதுவரைக்கும் ஒரு சாண் தார்கூட எங்கள் டயரில் படவில்லை. கடைசி இருபது அடியில் வந்து மாட்டிக்கொண்டோம்.

ஒரு சைக்கிள் பயணத்துக்கு இவ்வளவு பீடிகையா என்று கேட்காதீர்கள். அந்த சைக்கிளே கைவிட்டுப் போகிற நிலைமை.

சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகன், தான் ஓட்டிச் சலித்த கியர் சைக்கிளைப் போன வருஷம் வீட்டில் கொண்டுவந்து போட்டான். தடித்த டயர், அதில் வரிசையாகப் பட்டன் பட்டனாக ரப்பர். ஐம்பதை நெருங்குகிற இவள் ஒரு வாரம் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு எட்டாம் நாள் ஏறிவிட்டாள். கோட்டை அடிவாரத்தில் விழுந்து எழுந்து பழகினாள். அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வாசலில் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. இவள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். பஸ் அவளைத் தொடவேயில்லை, முட்டி தேய்ந்ததோடு சரி. ஆனால் அன்றிலிருந்து தார் ரோட்டைக் கண்டாலே சைக்கிளைவிட்டு இறங்கிவிடுவாள்.

“வித்துடும்மா” என்றான் மகன். தொண்டூர் அக்கா ஒரு படி மேலே போனாள். “இங்க கொண்டாந்து வுட்டுடு. எம் பொண்ணாவது காலேஜுக்கு ஓட்டினு போவட்டும்.”

“நான் ஓட்டறேன்க்கா.”

“எங்க, எங்க ஊரு வரைக்கும் ஓட்டினு வா பாக்கலாம். நீ வர்றதுக்குள்ள என் கோழி முட்டை வெச்சி, அடைகாத்து, குஞ்சு பொரிச்சி, அந்தக் குஞ்சும் முட்டை வெச்சிடும்.”

போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசிய பேச்சு அப்படியே பந்தயமாகிவிட்டது. செஞ்சியிலிருந்து தொண்டூர் வரை மிதித்தே வர வேண்டும். களைத்தால் கால் ஊன்றி நிற்கலாம். ஆனால் எங்கேயாவது இறங்கித் தள்ளினால் சைக்கிள் அக்கா பெண்ணுக்கு. சாட்சி நான். நான் பொய் சொல்லமாட்டேன் என்று அக்காவுக்கு நம்பிக்கை. சொல்லாவிட்டால் எனக்குச் சோறு கிடையாது என்று இவளுக்கு நம்பிக்கை.

“பஸ்ஸும் லாரியும் வராத வழி ஒண்ணு காட்டுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றாள். தரையில் நின்று சொன்னது, ஆகவே “காட்டுங்க.”

நான் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. இருபத்தைந்து வருஷமாக ஊர் ஊராகச் சுற்றியதில் எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பது மறக்காது, எந்த ஏரிக்கரை எந்தத் தோப்பில் போய் முட்டும் என்பதும் மறக்காது. வல்லம் பக்கம் வளைந்து, காட்டோரமாகப் போனால் தொண்டூர் வரைக்கும் ஜல்லி போட்ட கப்பி ரோடும் செம்மண்ணும்தான்.

மாசி மாசக் காலை. பனி இன்னும் வயலைவிட்டு எழுந்திருக்கவில்லை. என் கறுப்பு சைக்கிள் முன்னால், அவளுடைய கியர் சைக்கிள் பின்னால். ஏரிக்கரை ஏறினோம். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் மணிலாக் கடலை பூத்த நிலம். ஹாரன் இல்லை, புகை இல்லை. டயருக்கடியில் ஜல்லி நறநறவென்று அரைபடுகிற சத்தம் மட்டும்தான். எனக்கு அது ஊறின அரிசியைப் போட்டுக் கிரைண்டர் ஓடத் தொடங்குகிற சத்தம் மாதிரி கேட்டது. கழனிக்குப் போன ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, “இன்னா, பஸ்ஸு ஸ்ட்ரைக்கா?” என்றார். “எங்களுக்கு மட்டும் ஸ்ட்ரைக்கு” என்றாள் இவள்.

காப்புக்காட்டு ஓரத்தில் மயில் ஒன்று வழியை விடாமல் நடந்தது. இவள் மணியடித்தாள். அது திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் மெதுவாக நடந்தது. சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தால் தரையெல்லாம் ஊசிச் சருகு, மெத்தை மேல் உருட்டுகிற மாதிரி. அதைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு இறக்கம். குண்டு குண்டாகக் கல்லை யாரோ மூட்டை அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போன மாதிரி நிற்குமே, அந்த மலை. இறக்கத்தில் இவள் என்னைத் தாண்டிப் போனாள். போகிறபோது “ஐயோ” என்று கத்தினாள். கீழே போய் நின்று, “இன்னொரு தடவ மேலேர்ந்து வரலாமா?” என்று கேட்டாள். நான் மறுத்ததற்கு ஒரே காரணம் என் முழங்கால்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வழி ஒரு சப்பைப் பாறை மேல் ஏறி இறங்கும். அன்றைக்குப் பாறை முழுக்கக் கொள்ளுச் செடி. பிடுங்கிக் காயவைத்து, விளிம்பு தெரியாமல் பரப்பியிருந்தார்கள். இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள்ளு. சுற்றிப் போக இடமில்லை.

தின்கிற பண்டத்தை மிதிப்பது என்றால் எனக்கு உடம்பே கூசும். செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, செடி இல்லாத இடமாகத் தேடித் தேடிக் கால் வைத்து நடந்தேன். பாதி தூரம் போனதும்தான் அவள் பாடு ஞாபகம் வந்தது. இறங்கித் தள்ளினால் சைக்கிள் போச்சு. ஏறி ஓட்டினால் கொள்ளு போச்சு. விளிம்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவள் நிற்கிறாள். முகத்தில் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

முள்ளு மரத்தடியிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தாள். கையில் தடி.

“யோவ், சைக்கிளு ஒன்ன தூக்கினு போவுதா, நீ சைக்கிள தூக்கினு போறியா?”

“கொள்ளு மேல எப்படிம்மா ஓட்டறது?”

“அதுக்குத்தான்யா போட்டு வெச்சிருக்கேன்! தார் ரோட்டுல போட்டா நாலு லாரி போனா மணி உதிர்ந்துடும். அங்க என் பங்குக்கு எடமில்ல. இங்க ஒரு ஆட்டுக்குட்டிகூட வர்றதில்ல. விடியறதுலேர்ந்து தடியால அடிச்சி என் தோளு கழண்டுபோச்சி. நீ வந்து சைக்கிள தலையில வெச்சினு டான்ஸு ஆடற!”

எங்கள் பக்கத்தில் ரோட்டில் கம்பு, கொள்ளு என்று போட்டிருப்பதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். மொபெட்டில் போகும்போது யோசிக்காமல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். சைக்கிளும் வண்டிதான் என்று அன்றைக்குத் தோன்றவேயில்லை.

இவள் அதற்குள் பெடலில் காலை வைத்துவிட்டாள். கொள்ளு மேல் முன் டயர் ஏறியதும் படபடவென்று காய் வெடித்தது. சைக்கிள் ஒரு பக்கம் வழுக்கியது. எனக்கு உயிர் போய் வந்தது.

“பிரேக்க புடிக்காத! மிதி! மிதிச்சினே இரு!” என்றாள் அந்த அம்மா, ஏதோ பிறந்ததிலிருந்து சைக்கிள் கற்றுக்கொடுக்கிறவள் மாதிரி.

மிதித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நானும் என் சைக்கிளில் ஏறிப் பின்னால் ஓட்டினேன். “ஓரம் வுட்டுட்ட பாரு, ஓரம்! எட்டு போடும்மா, எட்டு!” என்று அந்த அம்மா கத்த, இவள் எட்டும் போட்டாள். பட்டன் டயரில் கொள்ளு உடைகிற சத்தம், பட்டாசுச் சரம் கொளுத்தின மாதிரி. உமி பறந்து தலையெல்லாம் ஒட்டிக்கொண்டது. மூவரும் எதற்கென்றே தெரியாமல் சிரித்தோம். நான் ஒரு தடவை விழுந்தேன். அவள் விழவில்லை. செடியைப் புரட்டிப் போட்டு மறுபடியும் ஓட்டச் சொன்னாள் அந்த அம்மா. அதையும் ஓட்டினோம்.

கடைசியில் உமியைக் கையால் விலக்கி, ஒரு பிடி கொள்ளு அள்ளி என் மனைவியின் முந்தானையில் முடிந்துவிட்டு, “நல்ல லாரிம்மா நீ” என்றாள்.

லாரி என்ற சொல்லைக் கேட்டாலே ஓரம் ஒதுங்குகிறவள் என் மனைவி. அன்றைக்கு முகம் மலர்ந்துபோய், வழியெல்லாம் “பாம், பாம்” என்று வாயால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாள்.

அந்த “பாம், பாம்” தொண்டூரில் தார் ரோட்டைப் பார்த்ததும் நின்றது. அக்கா வீட்டு முன்னால் இருப்பது மண் ரோடு என்ற என் கணக்கு தப்பு. மழைக்குப் பிறகு தார் போட்டுவிட்டார்கள். அவள் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபது அடி. இறங்கித் தள்ளினால் யாரும் பார்க்கப்போவதில்லை, பஸ் மறைத்திருந்தது. ஆனால் சாட்சி நான்.

“வேணும்னா நான் திரும்பி நின்னுக்கட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “நீ ஒண்ணும் திரும்ப வாணாம்” என்றாள். அப்புறம் சொன்னதுதான் நான் முதலில் எழுதியது.

பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அது நகர்ந்ததும், எதிரே வாசலில் அக்கா தெரிந்தாள், இடுப்பில் கை, பக்கத்தில் சைக்கிளுக்குக் காத்திருக்கும் மகள், காலடியில் கோழி. இவள் தார் மேல் ஏறினாள். குறுக்கே கடக்கவில்லை. ஹேண்டில் பாரை ஒடித்து, பஸ் போன பக்கமே திரும்பி, எழுந்து நின்று மிதித்து, மணியடித்துக்கொண்டு அதைத் துரத்தினாள். யாரோ பஸ்ஸுக்கு ஓடி வருகிறார்கள் என்று நினைத்து கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நின்றது. இவள் அதை ஓவர்டேக் பண்ணிக்கொண்டு போனாள்.