ஒற்றைக் கைத் தீச்சட்டி

என் நோயை முதலில் கண்டுபிடித்தது ஒரு சாக்கு ஊசி.

அப்போது எனக்கு இருபது வயது. மாயக் குகை, பறக்கும் குதிரை, ஏழு தலைப் பூதம் என்று எந்தக் கதைப் புத்தகம் கையில் கிடைத்தாலும் விடமாட்டேன். வாசித்தது போதாமல், பக்கத்து வீட்டுச் சிவலிங்கமும் நானும் சேர்ந்து சொந்தமாக ஒரு கதையும் எழுதிக்கொண்டிருந்தோம். அவன் எழுதுவான், நான் படம் போடுவேன். எங்கள் வீரனுக்குப் பெயர் கல்மேனியான். வாள் அவனை வெட்டாது, நெருப்பு சுடாது. பகலில் உருத்திரபுரத்து வயல்களில் கூலிக்கு நெல் வெட்டினோம். மாலையில் ராச்சியம் ஆண்டோம்.

ஒரு மாலை, கதை எழுதிய கொப்பிகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி அட்டையைத் துளைத்து என் இடது உள்ளங்கைக்குள் ஏறிவிட்டது. நான் கவனிக்கவில்லை.

"பூதத்துக்கு ஏன்டா செவப்பு மை அடிக்கிற?" என்று சிவலிங்கம் கேட்டான். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். மையில்லை, இரத்தம்.

"வலிக்கலியா மச்சான்?"

"இல்லையே."

"பொய் சொல்லாத." ஊசியைப் பிடுங்கி இன்னொரு இடத்தில் குத்தினான். "இப்ப?"

"இல்லடா."

புத்தியுள்ளவன் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்தி, "கல்மேனியான்" என்றேன்.

முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்றும் இருந்தது. அதில் எறும்பு ஊர்ந்தாலும் தெரியாது. அதையும் என் பெருமைக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன். உங்கள் உடம்பில் அப்படி ஒரு தேமல் இருந்தால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடி வைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள். மீதியைத் திரும்பி வந்து வாசிக்கலாம். அது என்னுடைய மானக்கேடு, எங்கும் ஓடிப்போகாது.

எங்கள் குடும்பங்கள் எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவை. வீடு கட்டும் முன்பே மாரியம்மனுக்குத் தென்னோலைக் கிடுகில் ஒரு கோயில் கட்டினோம். திருவிழாவில் தீச்சட்டி எடுப்போம். எரியும் கட்டைகளைப் போட்ட மண்சட்டியை இரண்டு கையிலும் ஏந்தி ஊரைச் சுற்றி வரவேண்டும். கைக்கும் சட்டிக்கும் நடுவில் வேப்பிலைக் கொத்து இருக்கும். விரதம் சுத்தமாக இருந்தால் சுடாது என்பார்கள். வேப்பிலை தடிமனாக இருந்தாலும் சுடாது.

அந்த வருஷம் நான் வேப்பிலையை வீசிவிட்டுச் சட்டியை இடது கையில் மட்டும் ஏந்திக்கொண்டேன். கூட்டம் அலறியது. அம்மா மண்ணில் விழுந்து கும்பிட்டு, "எம்புள்ளைக்கு ஆத்தா எறங்கிட்டா!" என்று அழுதார். நான் மறுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது. இத்தனை பேர் இருக்க என்னைப் போய்த் தேர்ந்தெடுத்திருக்கிறாளே, ஆத்தாவுக்கு நல்ல ரசனைதான் என்று நினைத்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதவேண்டியிருக்காது.

எனக்குப் பின்னால் சிவலிங்கம் இலையோடு சட்டி ஏந்தி வந்துகொண்டிருந்தான். பூசாரியின் மகள் செல்வியை அவனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்:

"சுடுதா மச்சான்? பக்தி இருந்தா எலைய வீசுடா!"

அவன் என் முகத்தைப் பார்த்தான். இலையை உருவிக் கீழே போட்டான். அங்கிருந்து கோயில் வாசல் வரைக்கும் வெறுங்கையில் ஏந்தி வந்தான். சட்டியைக் கீழே போடவில்லை, கல்லின்மேல் மெதுவாக இறக்கி வைத்தான். கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் உரிந்து சட்டியோடு ஒட்டிக்கொண்டது.

"விரதத்துல குத்தம் பண்ணியிருக்கான்" என்று யாரோ சொன்னார்கள். அன்று மாலைக்குள் அந்தக் குற்றத்துக்கு விதவிதமான விவரங்கள் சேர்ந்துவிட்டன. பூசாரி கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார். வெந்த கையோடு நெல் வெட்டுக்குப் போக முடியாமல் சிவலிங்கம் வீட்டில் கிடந்தான். நான் அவனைப் பார்க்கப் போனேன். "நீ எதையாவது தின்னுத் தொலைச்சிருப்பே" என்றேன்.

என் கையும் வெந்துதான் இருந்தது. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கொப்புளத்தைக் காட்டாமலிருக்க இரண்டு நாள் கையை மூடியே வைத்திருந்தேன். உள்ளே ஆத்தா இருக்கிறாள் என்று அம்மா அந்த மூடிய கைக்குக் கற்பூரம் காட்டினார். மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லை. நாறத் தொடங்கியது. அரிவாள் பட்டது என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டர் கட்டை அவிழ்த்தார். "அரிவாள் பட்டா நீட்டா வெட்டியிருக்கும். உது நெருப்பு" என்றார். பிறகு தேமலைப் பார்த்தார். முழங்கையின் உட்பக்கத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். அங்கே நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. மணிக்கட்டிலும் அப்படியே. ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துத் திரித்தார்.

"கண்ணை மூடும் தம்பி. பஞ்சு படுற இடத்தை மற்றக் கையால தொட்டுக் காட்டும்."

மூடினேன். நெடுநேரம் காத்திருந்தேன்.

"நீங்க இன்னும் தொடங்கலியேங்க?"

"ஏழு தரம் தொட்டிட்டன்."

கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் உள்ளங்கையில்தான் நின்றது.

"இது குஷ்டம்" என்றார். ஊரில் பெருவியாதி என்பார்கள், புத்தகத்தில் தொழுநோய். "பயப்பிடாதையும், மருந்தில மாறுற வருத்தம். கிருமி நரம்பில போய் இருக்குது, அதுதான் நோவு தெரியேல்லை. ஒரு கோப்பையில குடிச்சா, தொட்டா தொத்தாது. உம்மோட கனகாலம் ஒரு வீட்டில இருந்தவையை மட்டும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாரும், பார்க்கவேணும்."

"அப்ப ஆத்தா எறங்கல்லீங்களா?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "அது எனக்குத் தெரியாது தம்பி. நரம்பு செத்துக்கொண்டு போகுது, அது தெரியும்."

இரண்டு வருஷ வைத்தியம். மாதம் ஒருமுறை தாதியின் முன்னால் விழுங்கும் ரிஃபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் மருந்து, அன்று சிறுநீர் சிவக்கும்). தினமும் டாப்சோன் (கிருமி பெருகாமல் தடுக்கும் வில்லை). குளோஃபசிமின் (தோலைக் கறுக்க வைக்கும் வில்லை). நரம்பு வீங்கியிருந்ததால் சில மாதங்களுக்குப் பிரெட்னிசலோனும் (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) தந்தார்கள். பாதையில் பிரச்சினை என்று பஸ் ஓடாத நாளில் சைக்கிளில் போய் வாங்கினேன். சோம்பேறி என்று பெயரெடுத்த நான் ஒருநாளும் தவறவிடவில்லை. பயம் நல்ல வாத்தியார்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு ஒன்றுமில்லை. வெளியே வந்ததும், "யாருகிட்டயும் சொல்லிராதடா" என்றார். அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. ஊருக்கு மலேரியா என்று சொன்னேன். வன்னியில் மலேரியா என்றால் யாரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை.

என் வெட்கம் நோயைப் பற்றியது அல்ல. இதை வாசிக்கும் நோயாளிகள் அதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கிருமிக்கு நாம் பொறுப்பில்லை. நான் வெட்கப்படுவது, பஞ்சு தெரியாத அந்தக் கணத்திலேயே சிவலிங்கத்தின் கை ஏன் வெந்தது, என் கை ஏன் வேகாதது போலிருந்தது என்பதெல்லாம் விளங்கிய பிறகும் பத்து மாதம் வாய் திறக்காமல் இருந்ததற்கு. குளோஃபசிமினால் என் முகம் கறுத்தது. "ஆத்தா நெறம் வந்திருச்சு" என்றார்கள். அதற்கும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

அடுத்த திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பூசாரி என்னைக் கூப்பிட்டார்.

"மொதச் சட்டி நீதான் எடுக்கணும். ஒத்தக் கையில." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆத்தா எறங்கின கை. எம்மவளையும் அந்தக் கையிலயே புடிச்சுக் குடுத்திரலாம்னு பாக்குறேன்."

கதைகளில் வீரனுக்கு இந்த இடத்தில் இடி முழங்கும். நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். இனி வாய் மூடியிருந்தால் சிவலிங்கத்தின் பெயரோடு அவன் வாழ்க்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டவனாவேன்.

"மாமா, எனக்குப் பெருவியாதி" என்றேன்.

அவர் உட்கார்ந்திருந்த கதிரையைப் பின்னால் இழுத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, பஞ்சு, மாத்திரை. வேண்டுமானால் குத்திப் பாருங்கள் என்று கையை நீட்டினேன். அவர் தொடவில்லை. "அப்ப அன்னிக்கு ஆத்தா ஒங்கூட வரலியா?" என்றார். என்னைவிட அவர்தான் அதிகம் இழந்தவர் போலிருந்தது.

"நரம்பு செத்துப் போச்சு மாமா. எவனுக்கும் சுடத்தான் செய்யும். சிவலிங்கத்துக்குச் சுட்டுச்சு. அவன் விரதத்துல ஒரு குத்தமும் இல்ல."

அடுப்புப் புகை வந்த குசினி வாசலில் நின்ற செல்வி சொன்னாள்: "சுட்டும் கீழ போடலியே அப்பா."

நான் வீட்டுக்கு வருவதற்குள் கதை எனக்கு முன்னால் வந்துவிட்டது. சிலர் எங்கள் கிணற்றுப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். டொக்டர் ஒருநாள் கோயிலுக்கே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் விளக்கினார். பாதிப் பேர் கேட்டார்கள்.

சிவலிங்கம் இரண்டு நாள் கழித்து வந்தான். அம்மா கொடுத்த தேத்தண்ணீரை வாங்கவில்லை.

"எப்பலேருந்து தெரியும்?"

"பத்து மாசமா."

"பத்து மாசம்" என்றான். "கையி வெந்தது ஒரு மாசத்துல ஆறிருச்சுடா. அந்தப் பத்து மாசமும் நானே நம்புனேன், என்கிட்டதான் ஏதோ குத்தம்னு. என்ன குத்தம்னு ராவும் பகலும் தேடுனேன்."

எனக்குப் பகிடி எதுவும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக.

அவன் என் இடது கையை இழுத்தான். தழும்பில் இறுகிப்போன அவனுடைய கட்டைவிரலால் என் சுண்டுவிரலை நகம் பதிய அழுத்தினான்.

"இப்ப?"

"இல்ல."

மோதிர விரல். "இப்ப?"

"இல்லடா."

அப்படியே நகர்ந்து கட்டைவிரல் அடிக்கு வந்தான். முழுக் கோபத்தோடும் அழுத்தினான்.

"ஆ!" என்றேன்.

கையை விட்டான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த வருஷக் கடைசியில் செல்வியைக் கட்டினான். கல்மேனியான் கதையை அதன்பிறகு நாங்கள் எழுதவில்லை. வலியே தெரியாதவனுக்கு வீரம் எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

இப்போது எனக்கு நடுவயது. நோய் குணமாகி வெகுகாலமாகிறது. கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. மற்ற இரண்டும் வரவில்லை, வளைந்தபடி இருக்கின்றன. ஒவ்வொரு மாலையும் அவற்றை வெளிச்சத்தில் பிடித்து, வெட்டு உண்டா, கொப்புளம் உண்டா என்று கண்ணால் தேடுகிறேன். மற்றவர்களுக்கு உடம்பு உடனே செய்தி அனுப்பிவிடும். என்னுடைய இரண்டு விரல்களின் செய்தி மாலையில்தான் கிடைக்கும். அதனால் என் நாள் மாலையில்தான் முடிவாகிறது. அதுவரை எனக்கு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது.

சிவலிங்கத்தின் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணீரைச் செல்வி ஊற்றுவாள், அவன்தான் கொண்டுவந்து தருவான். கிளாசைத் திருப்பி, என் கட்டைவிரல் படும்படி வைத்துவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டு கேட்பான்.

"சுடுதா?"

ஒவ்வொரு தடவையும் எனக்கு முகம் சிவக்கும்.

"சுடுது மச்சான்" என்பேன்.