ஆப்பச் சோடா டப்பா

அறுபதுகளில், சிங்கப்பூரில் வெள்ளைக்காரர் கிளப் ஒன்றில் நான் ஸ்டோர் கிளார்க். அங்கே தட்டு கழுவும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லி உடம்பு, பெரிய மூக்குத்தி. கழுவிய தட்டை முகர்ந்து பார்த்துத்தான் அடுக்குவார். வாரம் ஒருமுறை ஆப்பச் சோடா தூவி, பாரில் பிழிந்தெறிந்த எலுமிச்சைத் தோலையும் போட்டு, வெறும் இயந்திரத்தை ஓட்டுவார். நாற்றம் போய்விடும்.

ஒருநாள் எல்லார் முன்னாலும் என்னையும் முகர்ந்தார். “கிளார்க் தம்பி, உங்க சட்டையையும் இதுல போட்டுடலாம் லா!” சமையலறையே சிரித்தது.

அவருக்குச் சளி பிடித்து மூக்கடைக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அவருடைய சோடா டப்பாவில் துணி துவைக்கும் சோப்புத்தூளை நிரப்பினேன். கிளப் விருந்தன்று இயந்திரத்திலிருந்து நுரை பொங்கி, தரையெல்லாம் பரவியது. மேனேஜர் அங்கேயே அவரை வேலையிலிருந்து நீக்கினார்.

அக்கா டப்பாவில் மிச்சமிருந்த தூளை ஈர விரலில் தேய்த்தார். நுரைத்தது. சோப்புத்தூள் இருக்கும் ஸ்டோரின் சாவி என்னிடம்தான் இருந்தது. அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“நீங்கதானே தம்பி? மனசு ஆறிடுச்சா?”

“ஆறிடுச்சு.”

மேனேஜர் பக்கத்தில்தான் நின்றார். அவரிடம் அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. நான் சொன்னதும் பொய்யில்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.