கரிசலில் வின்ச்சு மாட்டியவனின் வயிற்றெரிச்சல்

வின்ச்சு மாட்டும் தொழிலில் இறங்கியவன் முதலில் ஒரு மூடநம்பிக்கையை ஒழித்தாக வேண்டும். சேற்றில் சிக்கிய வண்டியை வின்ச்சு வெளியே இழுத்துவிடும் என்று கோவில்பட்டி முதல் மணியாச்சி வரை படித்தவரும் படிக்காதவரும் ஒருமனதாக நம்புகிறார்கள். ஆழ்ந்த துயரத்தோடு இதை மறுக்கிறேன். வின்ச்சு என்பது ஒரு மோட்டார், ஒரு உருளை, அதில் சுற்றிய இரும்புக் கயிறு, அவ்வளவே. கயிற்றின் இரு முனைகளில் எது அசையுமோ அதை இழுக்கும். இரண்டுமே அசையாவிட்டால் கயிறு அறும். அறுந்த கயிறு காலில் பட்டால் கால் இல்லை.

ஸ்பானர் பிடித்துப் பிழைக்கும் தோழர்களே, நான் மாட்டிக் கொடுத்த சாமானால் ஒருவனுக்கும் கை கால் போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் என் கவலை. அந்தக் கவலை எனக்கு மட்டுமே இருந்தது என்பதுதான் என் கோபம்.

எங்கே மாட்டுவது?

எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆலை முதலாளி ஒருவர், புதூர்ப் பக்கம் இருக்கும் தன் மானாவாரி நிலத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு வண்டி வாங்கினார். தடித்த சக்கரம் நான்கு, மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி. எந்தத் தரையிலும் ஓடும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். விற்றவர்கள் ஐப்பசி மாதத்துக் கரிசலைப் பார்த்ததில்லை. நாலு தூறல் விழுந்தால் இந்த மண் சக்கரத்தை அப்பிக்கொண்டு, வண்டியை அச்சு வரை விழுங்கும். ஆகவே வின்ச்சு.

இழுவை முழுவதும் அடிச்சட்டத்தில் இறங்க வேண்டும், கனத்த தகடு வைத்து அங்கேதான் போல்ட் போட வேண்டும் என்றேன். முதலாளி முன்பக்க அலங்காரக் குழாயைக் காட்டினார். ஆட்டுக்கிடா முட்டினால் வளையும் குழாய் அது. நான் கேட்கவில்லை. அடிச்சட்டத்திலேயே மாட்டி முடித்ததும் அவர் குனிந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "என்ன அண்ணாச்சி, பத்துப் பேரு பாக்க வேண்டாமா? உள்ள மறைச்சு வைக்க இது என்ன அருணாக்கொடியா?"

சந்தனம்

புது வண்டிக்குப் பூசை போடுவதை நான் எதிர்ப்பவன் அல்ல. ஹெட்லைட்டுக்குப் பொட்டு வையுங்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வையுங்கள். வின்ச்சை ஓட்டவும் நிறுத்தவும் கையில் பிடிக்கும் சுவிட்சுக்குக் குழைத்த சந்தனத்தை அப்ப வேண்டும் என்று எந்த ஆகமத்தில் இருக்கிறது? தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

சந்தனம் காய்ந்தது. அமுக்கிய பொத்தான் திரும்பி வரவில்லை. டிரைவர் செல்லத்துரை கையை எடுத்த பிறகும் கயிறு சுற்றிக்கொண்டே வந்து, கொக்கி அவன் விரலுக்கு ஒரு சாண் தள்ளி இரும்பில் போய் மோதியது. நான் ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினேன். சுவிட்சைத் துடைத்து வைக்க உனக்குத் தெரியாதா என்று கத்தினேன். அவன் என்னைப் பாவியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "சாமிக்கு வச்ச சந்தனத்தைத் தொடைக்கச் சொல்லுதீங்களே, நல்லா இருப்பீங்களா?"

கல் வந்தது

முதல் மழையிலேயே வண்டி புதைந்தது. கொக்கியை டிராக்டரிலோ பெரிய மரத்திலோதான் மாட்ட வேண்டும் என்று செல்லத்துரையிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அந்தக் காட்டில் வேலிக்கருவையைத் தவிர மரம் கிடையாது. ஆகவே அவன் பக்கத்தில் நின்ற கல்லில் கயிற்றைச் சுற்றினான். பிறகு எனக்கு போன் செய்தான். "அண்ணாச்சி, கல்லு நம்மகிட்ட வந்துட்டு. வண்டி எப்பக் கெளம்பும்?"

போய்ப் பார்த்தேன். அது எல்லைக்கல். வண்டி புதைந்து கிடந்தது வரப்பு தாண்டிப் பக்கத்துப் புஞ்சையில்; கல்லும் ஈரமண்ணில் தடம் போட்டபடி அதற்குள் நகர்ந்து வந்திருந்தது. பக்கத்துப் புஞ்சைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடமே வந்தார். "எங்க அப்பன் காலத்துல ராவோட ராவா கல்லைத் தள்ளி வைப்பாவ. நீங்க மோட்டார் வச்சுப் பட்டப்பகல்லயே நெலம் புடிக்கீகளோ?"

கொங்காணி

கல்லின் விளிம்பில் உரசிக் கயிற்றில் இழைகள் தெறித்திருந்தன. மாற்றுக் கயிறு கடையில் இருக்கிறது, வண்டியை நாளைக்கு எடுக்கலாம் என்றேன். இன்றே எடுத்தாக வேண்டும் என்றார் முதலாளி, போனில், வீட்டிலிருந்து. தெறித்த துண்டை வெட்டி எறிந்து, கொக்கியை மறுபடி முறுக்கி, ஊரிலிருந்து வரவழைத்துத் தார்ச்சாலையில் நிறுத்திய டிராக்டரில் மாட்டினேன். அறுந்தாலும் துள்ளாமல் விழட்டும் என்று கயிற்றின்மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டேன்.

திரும்பிப் பார்க்கிறேன், கயிற்றின் இருபுறமும் வேடிக்கை பார்க்க வந்த ஊர் ஆட்கள் கைவைத்து நிற்கிறார்கள்! தேர் நின்றால் வடத்தைத் தொடாமல் வேடிக்கை பார்ப்பது பாவம் அல்லவா? ஊர்ப் பெரியவர் தன் குடையைச் சேற்றில் நட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "நீரு மோட்டாரைப் போடும். நாங்களும் ஒரு கை குடுக்கோம்" என்றார். பதமாகச் சொன்னேன், சிரித்தார்கள். கெஞ்சினேன், "பயந்த மனுசன்" என்றார்கள். பிறகு நான் பேசியதை அச்சில் ஏற்ற முடியாது. பெரியவர் உட்பட எல்லோரும் முகம் சிவந்து டிராக்டருக்குப் பின்னால் போனார்கள். கோபத்தில் நானும் கயிற்றைப் பார்க்காமல் விலகி நின்று பொத்தானை அமுக்கினேன்.

கயிறு அறுந்தது. பெரியவர் நின்றிருந்த இடத்தில் குடையின் அடிப்பாதி மட்டும் சேற்றில் நின்றது. கைப்பிடியோடு மேல்பாதி பக்கத்து ஓடைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. டிராக்டருக்குப் பின்னாலிருந்து ஒருவர் மெல்ல வெளியே வந்தார். தூறலுக்கு என் சாக்கை எடுத்துக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். "என்ன அண்ணாச்சி, கயித்து மேல எதையாவது போட்டு வச்சிருக்கப்படாதா?"

புதுக் கயிறு போட்டு வண்டியை எடுத்தாயிற்று. இப்போதெல்லாம் அந்த ஊரில் வின்ச்சு ஓடும்போது எல்லோரும் டிராக்டருக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள், போகும் முன் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.