ஒரே படகில் மாமியாரும் நானும்

சில வருடங்களுக்கு முன், தைப்பொங்கல் முடிந்த வாரம் அது. கொழும்பு பேர வாவியில் பொழுது சாய்ந்த பிறகு கூட்டமாகக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்டப் போவது அப்போதுதான் எங்கள் பக்கம் பிரபலமாகியிருந்தது. என் கணவரின் அலுவலக நண்பர்கள் குடும்பத்தோடு கிளம்பினார்கள். வெள்ளவத்தையிலிருந்து நாங்களும் போனோம். மாமியார் கரையில் இருந்து வேடிக்கை பார்ப்பதாகத்தான் ஏற்பாடு.

மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். மாமனார் காலமான பிறகு எங்களோடு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது என்பதுதான் உண்மை. சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா என்பதோடு சரி. பிறகு தன் அறைக்குப் போய்விடுவார். நான் கொழும்பு கொட்டாஞ்சேனை வியாபாரக் குடும்பத்துப் பெண். அதனால்தான் என்னைப் பிடிக்கவில்லை என்று நானாகவே முடிவுகட்டியிருந்தேன். கனடாவில் இருக்கும் மூத்த மகனிடம் அடுத்த மாதம் அவர் ஒரேயடியாகப் போவதாக இருந்தது. என் சமையல் பிடிக்காமல்தான் போகிறார் என்றுகூட நினைத்து மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் இரண்டு பேர் படகுகள். கணவர் எங்கள் மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஜோடி இல்லை. மாமியார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“கனடாவிலை போய்ப் பனிக்குள்ள நடக்கப் போறன். இதுக்குள்ள இருக்க மாட்டனே?”

மறுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பயிற்சி கொடுத்த சிங்களப் பெண் இரண்டே விஷயம் சொன்னார். முன்னால் இருப்பவர் துடுப்புப் போடுவதைப் பார்த்துப் பின்னால் இருப்பவர் போட வேண்டும். முன்னால் இருப்பவர் சட்டென்று திரும்பக் கூடாது. மாமியார் முன்னால் உட்கார்ந்தார்.

முதலில் எங்கள் படகு செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது. அவர் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுத்தேன். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே முன்னே போனார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில் அவருடைய தோளையே பார்த்து, அவர் போடும்போது நானும் போட்டேன். படகு நேரானது. பகலில் மூக்கைப் பொத்த வைக்கும் வாவிதான். அன்று காற்று நன்றாக இருந்தது. கரையில் உயர்ந்து நிற்கும் தாமரைக் கோபுரத்தின் வெளிச்சம் தண்ணீரில் கிடந்தது.

பாதி தூரம் போயிருப்போம். மாமியார் முன்னால் பார்த்தபடியே பேசினார்.

“உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். என்ரை கை சுத்தமில்லையெண்டு நினைக்கிறீரோ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“வந்த நாளிலையிருந்து ஒரு வெங்காயம் உரிக்க விடேல்லை. குசினிக்குள்ள வந்தா, போய் இருங்கோ எண்டு அனுப்பிப்போடுறீர். விருந்தாளி மாதிரி வைச்சிருந்தா, விருந்தாளி ஒரு நாளைக்கு வெளிக்கிடத்தானே வேணும்.”

என் பிறந்த வீட்டில் மாமியார் கரண்டியைத் தொட்டால் அது மருமகளுக்கு அவமானம். காப்பியைக் கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுப்போம். அதையே இவருக்கும் செய்தேன். நான் மரியாதை என்று நினைத்துச் செய்ததை, வேண்டாதவர் என்று ஒதுக்குவதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“ஐயோ அத்தை, பெரியவங்கள வேலை செய்ய விட்டா எங்க பக்கம் மருமகளத்தான் காறித் துப்புவாங்க. நீங்க போறது எனக்குப் பிடிக்கல. சொல்லத்தான் பயமா இருந்துச்சு.”

முகத்துக்கு நேரே இதை நான் சொல்லியிருக்கவே மாட்டேன். அவருடைய முதுகைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

என் குரல் உடைந்ததைக் கேட்டு மாமியார் சட்டென்று திரும்பினார். படகு சரிந்து, தண்ணீர் எங்கள் மடி வரை ஏறியது. பயிற்சிப் பெண் தன் படகில் விரைந்து வந்து எங்கள் படகைப் பிடித்துக்கொண்டு, திரும்பாதீர்கள் என்று சொன்னேனே என்று சிங்களத்தில் கடிந்துகொண்டார். மாமியாரும் நல்ல சிங்களத்திலேயே பதில் சொன்னார்: மருமகள் அழுகிறாள், திரும்பிப் பார்க்காமல் எப்படி இருப்பது?

அந்தப் பெண், நாங்கள் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை படகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் எழும்போது குசினியில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அடுத்த மாதம் மாமியார் கனடாவுக்குப் போனார்தான். ஆனால் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் குளிர் தொடங்குமுன் திரும்பி வந்துவிட்டார். எங்கள் குசினியில் இரண்டு பேர் நிற்க இடம் போதாது, சில நாள் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்துவிடுகிறது. ஆனாலும் யாரிடமாவது “நீங்கள் சும்மா இருங்கள்” என்று சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம், அன்பென்று நினைத்துக்கொண்டே ஒருவரை மூன்று வருடம் தனியே உட்கார வைத்திருந்தேனே என்ற நினைப்பு வந்து என்னை நிறுத்திவிடுகிறது.