திங்கட்கிழமை வரும் ஆட்டம்

தெருவில் அவளுக்கு இரண்டு பட்டம். முகத்துக்கு நேரே வேன்காரம்மா. முதுகு திரும்பினால் சிஐடி அம்மா. இரண்டாவது பட்டம் அவள் காதுக்கு எட்டவில்லை என்று தெரு நினைத்துக்கொண்டிருக்கிறது. பாவம் தெரு! அதை முதலில் சொன்னது மாடி வீட்டுப் பையன், சொன்னது ஒரு வியாழக்கிழமை என்பது வரை அவளிடம் தகவல் உண்டு.

இருபது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஒரு நாளாவது ஒரு பிள்ளையைக் கீறலோடு வீட்டில் இறக்கிவிட்டாள் என்று எவராலும் சொல்ல முடியாது. காலையில் பிள்ளைகளை ஏற்றியதும் எண்ணுவாள். பாலம் தாண்டியதும் எண்ணுவாள். ஓடுகிற வண்டியிலிருந்து நடுவில் எவன் இறங்கிப் போகப் போகிறான் என்று கேட்டால், "ஏன், இறங்க மாட்டானா?" என்பாள். இன்ஜின் ஆயில் டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று நகப்பூச்சால் கோடு போட்டு வைப்பாள். டீசல் டப்பாவிலும் அதே கோடு. அந்த வீட்டில் நகப்பூச்சு நகத்தைப் பார்த்ததே கிடையாது.

சும்மா வந்த குணம் இல்லை அது. முதல் வேனை அவளுக்கு விற்றவன் தங்கமான மனிதன், சிரித்த முகம், "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரைப் பின்னால் திருப்பி வைத்து விற்றிருந்தான். இருபத்தாறாம் நாள் நடுரோட்டில் இன்ஜின் படுத்துவிட்டது. மூன்று மாதம் கணவரின் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அன்றிலிருந்து சிரித்துப் பேசுகிறவனை நம்ப மாட்டாள். பேசாமல் இருக்கிறவனை நம்பவே மாட்டாள்.

அவள் விதி, டயர் கடையில் வாய்த்தவன் பேசாதவன். பதினோரு வருடமாக அங்கே வேலை செய்கிறான். மௌனசாமி என்றால்தான் கடையில் தெரியும். ஒரு வண்டிக்கு நாலு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டான். வேலை சுத்தம், ஆள் நேரம் தவறாதவன் என்று முதலாளி சொல்வார். "சொல்லுவாரு, அவர் கடை ஆளுதானே" என்பாள் வேன்காரம்மா.

மழை விட்ட சமயத்தில் வேனுக்கு இரண்டு நோய் ஒன்றாக வந்தது. முன்பக்க இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதிலிருந்து வண்டி இடது பக்கமே இழுத்தது. நேரே போக வேண்டுமானால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கோணலாகப் பிடிக்க வேண்டும். மெதுவாகப் போனாலும் அதே கதை. போதாததற்குப் புறவழிச் சாலையில் வேகம் எழுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் கைக்குள்ளேயே கிடுகிடுவென்று நடுங்கியது. பின் சீட்டில் ஒரு வாண்டு நோட்டை விரித்து, "வேன்காரம்மா, நான் எழுதவே வேணாம், பேனாவ வெச்சா அதுவா எழுதுது!" என்று கத்தினான். வேன் முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிக்காமல் வேகத்தைக் குறைத்தாள்.

புதன்கிழமை கடைக்குப் போனாள். மௌனசாமி டயரைத் தடவிப் பார்த்தான். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது.

"இழுக்கறது வேற, ஆடறது வேற" என்றான்.

"ரெண்டும் ஒரே சக்கரந்தானேப்பா?"

"இழுத்தா அலைன்மெண்ட். சக்கரம் நிக்கற கோணம் தப்பு. வேகத்துல ஆடுனா பேலன்ஸ். சக்கரத்துல ஒரு பக்கம் கனம் கம்மி."

அன்றைக்கு அவன் பேசியதே அதிகம். கோணத்தைத் திருத்தினான். பிறகு ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி மெஷினில் மாட்டிச் சுழலவிட்டான். எங்கே எவ்வளவு கனம் குறைகிறது என்று மெஷின் எண் காட்டியது. அந்த இடத்தில், ரிம்முக்கு உள்பக்கமாக, விரல் நகம் அளவு எடைத் துண்டுகளை ஒட்டினான். இவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். ஆனால் அவன் கை ரிம்முக்குள் போனதுதான் தெரிந்தது. உள்ளே போய் என்ன செய்தது என்று தெரியவில்லை. அங்கேதான் விதை விழுந்தது.

வியாழன், வெள்ளி, சனி, வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. திங்கட்கிழமை காலை, புறவழிச் சாலை, எழுபது. கிடுகிடு.

மறுநாளே போய் நின்றாள். "நீ பண்ண அலைன்மெண்ட் அஞ்சு நாளுக்குத் தாங்கலியே தம்பி?"

"கைய விட்டா ஒரு பக்கமா ஓடுதா?"

"ஓடல."

"எழுபதுக்குக் கீழ ஆடுதா?"

"இல்ல."

"அப்ப அலைன்மெண்ட் இல்லம்மா. பேலன்ஸ்."

தன் வேலையில் குற்றமில்லை என்பதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான் பாருங்கள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தான். நெற்றி சுருங்கியது. "விழுந்துட்டுது போல" என்று முணுமுணுத்து, ரிம்மைத் துடைத்துக் காயவைத்துப் புதுத் துண்டுகளை அழுத்தி அழுத்தி ஒட்டினான். வண்டி அடங்கியது. சனிக்கிழமை வரை அடக்கம். திங்கட்கிழமை மறுபடி கிடுகிடு.

இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று அவள் நினைத்தாள். "நாலு நாளைக்கு மட்டும் தாங்கற மாதிரி செஞ்சு விடறான் அவன்" என்று கணவரிடம் சொன்னாள். "திரும்பத் திரும்பப் போனாத்தானே அவன் பொழப்பு ஓடும்? பேசாம இருந்துக்கிட்டே எப்படிப்பட்ட வேல பாக்கறான்!"

கணவர் அச்சகத்தில் முப்பது வருடம் பைண்டிங் பார்த்து ஓய்வு பெற்றவர். சுத்தம் என்றால் உயிர். "ஊம்" என்றார். அவளுடைய விசாரணைகளில் அவர் பங்கு எப்போதும் அந்த ஒரு எழுத்துதான். அதற்கு மேல் சொன்னால் அடுத்த விசாரணை அவர் மேல் திரும்பும் என்பது அனுபவம்.

மறுநாள் காலைச் சவாரி முடிந்த கையோடு நேரே முதலாளியிடம் போனாள். "நீங்களே கழட்டிப் பாருங்க. இவன் எதையும் ஒட்டவே இல்ல."

முதலாளி சக்கரத்தைக் கழற்றிக் கையை உள்ளே விட்டுத் துழாவினார். துண்டும் இல்லை, துகளும் இல்லை. ஒட்டி விழுந்திருந்தால் பசையின் தடமாவது இருக்க வேண்டுமே! ரிம் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"என்னடா இது?"

"நான் வெச்சேன்" என்றான் மௌனசாமி.

"வெச்சது எங்க?"

அவன் வேன்காரம்மாவைப் பார்த்தான். "அம்மா, வீட்ல யாராச்சும் எடுத்தாங்களா?"

அவ்வளவுதான். "எங்க வீட்டு மேலயே பழிய போடறியா? சக்கரத்துல ஒட்டற துண்ட எடுத்து நாங்க என்ன, மாலையா கோத்துப் போட்டுக்கப் போறோம்? பதினாறு பிள்ளைங்க போற வண்டி இது! அதுல வெளையாடறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?" அவள் குரல் தெருமுனைக்குக் கேட்டது. டயருக்குக் காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். பிள்ளைகள் என்ற சொல் வந்த பிறகு முதலாளியால் என்ன செய்ய முடியும்? நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

மௌனசாமி கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். கடைச் சட்டையைக் கழற்றி மடித்து மெஷின் மேல் வைத்தான். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "வாயத் தொறந்தானா பாத்தீங்களா? மடியில கனம்" என்றாள் வேன்காரம்மா. முதலாளியே அன்றைக்கு எடை ஒட்டிக் கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க வேன் ஆடவில்லை. ஆள் மாறியதும் வண்டி அடங்கியது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆனால் வெள்ளிக்கிழமை வாக்கில் ஒரு புதுப் பயம் முளைத்தது. வேலை போனவன் சும்மா இருப்பானா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளுக்கு வெளிச்சத்திலும் பேய்தான். ஞாயிற்றுக்கிழமை வேன் வாசலில் நாள் முழுக்க நிற்கும். வந்து கை வைக்க நினைக்கிறவன் அன்றைக்குத்தான் வருவான். திங்கட்கிழமை ஆட்டத்தின் சூட்சுமமே அதுதானோ? அவனே வந்து பிய்த்துக்கொண்டு போகிறானோ?

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஜன்னல் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கையில் செல்போன், படம் பிடிக்கத் தயாராக. இன்றைக்கு அவனைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை.

எட்டரைக்குக் கணவர் வாளியும் துணியுமாக வந்து வேனைக் கழுவ ஆரம்பித்தார். ஞாயிறு தவறாமல் செய்கிற வேலை. நல்லதுதான், ஆள் இருந்தால் அவன் கிட்டே வரமாட்டான் என்று நினைத்தாள். கண்ணாடி துடைத்தார். கதவு துடைத்தார். பிறகு முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பைண்டிங் காலத்துப் பழைய தகட்டுக் கத்தியை எடுத்தார். ரிம்மின் கம்பிகளுக்கு நடுவே கையை உள்ளே விட்டார். முப்பது வருடம் பசையோடு குடித்தனம் நடத்திய கை. நெம்பவும் இல்லை, கீறவும் இல்லை, அலுங்காமல் ஒரு துண்டு வெளியே வந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் அந்த இடத்தை நாலு தேய்ப்பு. துண்டை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். டிங்.

செல்போனை ஸ்டூலிலேயே போட்டாள்.

வாசலுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "என்னங்க பண்றீங்க?"

"இதுவா? வாராவாரம் யாரோ வந்து ஒட்டி வெச்சிட்டுப் போறான்மா. நானும் விடறதில்ல." டின்னைப் பெருமையாக நீட்டினார். குட்டிக் குட்டியாகச் சாம்பல் நிறத் துண்டுகள், டின்னின் அடி தெரியாத அளவுக்கு.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீதானே சொன்னே? 'திருடனுங்க வண்டியில அடையாளம் ஒட்டிட்டுப் போறானுங்களாம், நம்ம ஒட்டாதது எது ஒட்டியிருந்தாலும் கேள்வி கேக்காம பிச்சிப் போடுங்க'ன்னு. மழை விட்ட சமயம். சொன்னா நீ பயந்து தூங்க மாட்டேன்னு நானே பாத்துக்கிட்டேன்."

அவள் படியில் அப்படியே உட்கார்ந்தாள். சொன்னாள்தான். வார்த்தைக்கு வார்த்தை அவள் சொன்னதுதான். வீட்ல யாராச்சும் எடுத்தாங்களா என்று அவன் கேட்டானே, அந்த ஒரே ஒரு சரியான கேள்விக்குத்தானே அவன் வேலையைப் பிடுங்கினோம்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இருபது வருடத்தில் முதல் தடவையாகச் சந்தேகப்பட அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

திங்கட்கிழமை காலைச் சவாரியை ஐம்பதைத் தாண்டாமல் உருட்டி முடித்துவிட்டு, டின்னோடு கடைக்குப் போனாள். முதலாளி மேஜை மேல் அதைக் கவிழ்த்தாள். நடந்ததைச் சொன்னாள், ஒரு சொல்லைக்கூட மென்று விழுங்கவில்லை. "தப்பு என் மேல. அவனக் கூப்பிடுங்க." முதலாளி ஒரு துண்டை விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு போன் செய்தார்.

மௌனசாமி முக்கால் மணி நேரத்தில் வந்தான். சவரம் செய்யாத முகம். டின்னைப் பார்த்தான், துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான், வைத்தான். அவன் மடித்து வைத்துவிட்டுப் போன சட்டையை முதலாளி நீட்டினார். மாட்டிக்கொண்டான்.

"தம்பி, என்னை மன்னிச்சிடுப்பா. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கேக்கறதுன்னே தெரியல."

அவன் வேனை ஜாக்கியில் ஏற்றினான். உள்ளே போய் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், போட்டான்.

"உக்காருங்கம்மா."

"வேணாம்ப்பா. நான் வெளிய நிக்கறேன். நீ பாட்டுக்குப் பண்ணு."

"உக்காருங்க."

உட்கார்ந்தாள். முதல் சக்கரத்தை மாட்டினான். ஒவ்வொரு துண்டையும் ஒட்டுமுன் அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினான். ஒட்டியதும் சக்கரத்தை அவள் பக்கம் சாய்த்து, "விரல வெச்சுப் பாருங்க" என்றான். வைத்தாள்.

"போதும் தம்பி. நான் உன்னை நம்பறேன்."

"நம்ப வேணாம்மா. பாருங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் கண் நிறைந்து மெஷின் மங்கலாகத் தெரிந்தது. இத்தனை வருடம் யாரும் கேட்காமலே பார்த்த கண். இப்போது வேறு பக்கம் திரும்ப இடம் தேடியது. அவன் சக்கரத்தைச் சுழலவிட்டான். அது நின்றதும் மெஷினின் எண்ணைக் காட்டினான்.

"என்ன போட்டிருக்கு? சொல்லுங்க."

"சைபர்."

இரண்டாவது சக்கரம். சைபர். மூன்றாவது. சைபர். டயருக்குக் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவதில் அவள் உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றான் மௌனசாமி. "முதலாளிக்குக் கேக்கணும்."