தலையைத் தூக்காமல் கேட்ட துஆ

எனக்கு இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். வலது கண்ணை நம்பித்தான் கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் துணிக்கடை நடத்திவந்தேன். சென்ற வருடம் நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்காக மோட்டார் சைக்கிளில் விற்பதற்கான சாரத் துணிக் கட்டு ஒன்றை வைத்து, ரப்பர் கயிற்றை இழுத்து மாட்டும்போது கொக்கி கழன்றது. கயிறு வலது கண்ணிலேயே வந்து அடித்தது.

இரத்தம் ஒரு சொட்டும் வரவில்லை. ஐஸ் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். என் மனைவி ரிஸானா விடவில்லை. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கண்ணுக்குள் கறுப்பாக எதுவோ இறங்கி மறைத்துவிட்டது. விழித்திரை பிரிந்திருக்கிறது, பார்வை நரம்பும் அடிபட்டிருக்கிறது என்றார் டொக்டர். "விழித்திரைய ஒட்டலாம். நரம்புக்கு என்னால வாக்குக் குடுக்க ஏலாது."

உடைந்துபோனேன். பிள்ளைகளின் முகத்தை இனி நினைவில்தான் பார்க்கவேண்டுமா என்று அழுதேன்.

சத்திரசிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க, நான் குப்புறவே இருக்கவேண்டும். சாப்பாடும் குனிந்தபடிதான். எங்கள் ஊரிலோ சுகம் விசாரிக்க வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். ஒவ்வொரு சலாமுக்கும் என் தலை தானாக எழும்பும். வந்தவரை முகம் பாராமல் இருப்பது மரியாதையா? ரிஸானா என் பிடரியில் கை வைத்து அமர்த்துவாள். ஒரு நாளும் அப்படித்தான் அமர்த்தினாள்.

"தூக்க வாணாம். குனிஞ்சபடியே பதில் செல்லுங்க."

"ஒங்கட நானா என்ன நினைப்பாரு?"

அன்று வந்திருந்தது அவளுடைய மூத்த சகோதரர், என் மச்சான் நௌஷாட். அவர் நிலத்தில் மல்லாந்து படுத்து, என் முகத்துக்கு நேர் கீழே தலையை வைத்தார். "இப்ப செல்லுங்க மச்சான், சுகமா?"

எனக்கு ஒரு நிழல்தான் தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதன்பின் நான் தலையைத் தூக்கவே இல்லை. 'யா அல்லாஹ், நான் குனிந்தே இருக்கிறேன், பார்வையைத் தருவது உன் பொறுப்பு' என்று தலையணையில் முகம் புதைத்துத் துஆக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வாரங்கள் போயின. வாயு கரைந்தது, ஆனால் அந்தக் கண்ணின் மங்கல் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்ட மச்சான், பழைய பகிடியை நினைத்துச் சிரித்தபடி மறுபடியும் நிலத்தில் படுத்தார். நானும் கதிரையில் உட்கார்ந்தபடியே குனிந்தேன்.

"மச்சான், தாடில சோறு ஒட்டிக்கிட்டு ஈக்குது."

அவர் தாடியைத் தடவினார். பருக்கை விரலில் ஒட்டி வந்ததும், "தெரியுதா மச்சான்?" என்று கத்தினார். குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்து ஓடிவந்த ரிஸானா அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள். நான் அந்த இடத்திலேயே நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் விழுந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

நரம்பு அடிபட்டதால் சிவப்பு நிறம் இன்னும் வெளிறித்தான் தெரிகிறது. கடையில் நிறம் பார்ப்பது இப்போது ரிஸானாதான். அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. பிள்ளைகளின் முகம் தெரிகிறது. ஸுஜூதிலிருந்து எழும்ப முன்போல அவசரமும் வருவதில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு சோதனை வந்தால், டொக்டர் சொல்வதைச் செய்யுங்கள், துஆக் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். பதில் வரும்வரை தலையை மட்டும் தூக்கிவிடாதீர்கள்.