இடப்பக்கத்து நிரை

2024 பெப்ரவரி பதின்மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். தெமோதரை மலையில் தூறல். வாசலோரம் மழைநீர் ஓடும் கானுக்கு அப்பால் எதுவும் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். அந்த நேரத்தில்தான் எங்கள் அக்கா அவர்கள் கையில் தேநீர்க் கோப்பையோடு, தொழிலாளர் வரிசைவீடான லயத்து வாசலில் சரிந்தார்கள். பாரிசவாதம் என்றார் டாக்டர். இடது கையும் இடது காலும் அசையவில்லை.

அக்கா பிறந்தது இதே தேயிலைத் தோட்டத்தில். உடன்பிறந்தோர் ஐவர், மிஞ்சியவர்கள் நாங்கள் இருவர். பதினாறு வயதில் பேர் பதிந்து முப்பத்தொன்பது வருடம் கொழுந்து பறித்தார்கள். அத்தான் காலமானபோது மகள் செல்விக்கு நான்கு வயது. அவளையும் வளர்த்து, என்னையும் ஆசிரியர் கலாசாலைக்கு அனுப்பினார்கள். பசிக்கிறது என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

பதினெட்டு நாள் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அதன்பிறகு வாரம் ஒருமுறை பிசியோ மிஸ்ஸிடம் பயிற்சி. மற்ற நாட்களில் செல்வியும், ஹாலிஎலவிலிருந்து பஸ் ஏறி வரும் நானும் வீட்டில் பயிற்சி கொடுத்தோம். ஒருமுறை விழுந்தவர் அந்தப் பயத்திலேயே மறுபடி விழுவார், இடுப்பு எலும்பு முறிந்தால் படுக்கைதான் என்று மிஸ் எச்சரித்திருந்தார். பாய்களைச் சுருட்டினோம். கனமான மேசையைச் சுவரோடு சேர்த்துப் போட்டோம். அதைப் பிடித்து நின்று, உடம்பின் பாரத்தை வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாற்ற வேண்டும். அதுதான் முதல் பாடம்.

அக்கா மாற்றவில்லை. காலுக்குப் பலம் வந்துவிட்டது என்று மிஸ் சொன்ன பிறகும் மாற்றவில்லை. ஒற்றை வலக்காலிலேயே நின்று இருமுறை சரிந்தார்கள். இருமுறையும் பிடித்துக்கொண்டேன். எனக்கு வயது எழுபத்திரண்டு. மூன்றாம் முறை என் கைக்கு அந்தப் பலம் இருக்குமா என்ற கவலையில் தூக்கம் போனது. ஏன் அக்கா ஊன்ற மறுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“அங்கிட்டு மாரியாயி நிக்கிறா தம்பி.”

மாரியாயி, அக்காவுக்கு இடப்பக்கத்துத் தேயிலை நிரையில் இருபத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். சரிவான மலையில் அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு: பக்கத்து நிரைக்காரி மேல் சாயக் கூடாது. கூடையோடு நிற்பவள் லேசாக இடிபட்டாலும் உருண்டுவிடுவாள். குளவிக்கூடு கலைந்த ஒருநாள் எல்லோரும் ஓடியபோது யாரோ இடித்து, மாரியாயி கானுக்குள் விழுந்தார். எழவே இல்லை. இடித்தது தன் தோள்தானோ என்ற சந்தேகம் அக்காவுக்குக் கடைசிவரை தீரவில்லை.

அங்கே யாருமில்லை என்று காட்டுவதற்காக நானே அவர்களுக்கு இடப்பக்கம் போய் நின்றேன்.

“ஏய், தள்ளுடா! வாத்தியாருன்னா பொம்பள கால மிதிக்கலாமா?” என்றார்கள் அக்கா.

செல்வி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறுங்காலோடு நின்றிருந்தேன். வீடு முழுவதும் சில்லென்று இருந்த சிமெந்துத் தரை, அந்த ஓரிடத்தில் மட்டும் இளஞ்சூடாக இருந்தது.

மூளையில் பாதிப்பு வந்த சிலருக்கு அருகில் யாரோ நிற்பதுபோல் தோன்றுவதுண்டு, அதட்டாமல் பேசிப் பாருங்கள் என்றார் மிஸ். மறுநாள் பேசினேன்.

“கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கக்கா.”

“எங்க போவா? அந்தாண்ட கானுல்ல இருக்கு.”

“அப்ப எம் பக்கம் வரச் சொல்லுங்க.”

அக்கா என் முகத்தையே பார்த்தார்கள். “நெசமாத்தான் சொல்றியா? வந்தா போக மாட்டா.”

“வரட்டும். நீங்க கால ஊனுங்க.”

அக்கா இடப்பக்கம் திரும்பி, “மாரியாயி, தம்பி கூப்புடுது. போ ஆத்தா” என்றார்கள். சற்றுப் பொறுத்து, பாரம் முழுவதையும் இடக்காலில் இறக்கி, வலக்காலைத் தூக்கினார்கள். நான் பத்து வரை எண்ணினேன். அசையாமல் நின்றார்கள்.

அதன்பிறகு தடையில்லை. பக்கவாட்டில் அடி வைத்தல், நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு சேர்த்து வைத்து நடத்தல் எல்லாம் கைகூடின. ஆவணியில் கைத்தடியோடு கோவில் படி ஏறினார்கள். நவம்பர் ஒன்பதாம் திகதி விடியற்காலை, உறக்கத்திலேயே இருதயம் நின்றது. கடைசிவரை அவர்கள் விழவில்லை.

பொறுமை காத்த பிசியோ மிஸ்ஸுக்கும், மழையில் அக்காவைத் தூக்கி வந்து வண்டியில் ஏற்றிய லயத்துப் பிள்ளைகளுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டது.

இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்கப் பதுளைக்குப் போனேன். பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. நான் வலப்பக்க ஜன்னலோரம் இருந்தேன். என் இடப்பக்க இருக்கையில் யாரும் உட்காரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தாய் அதில் உட்காரக் குனிந்து, சட்டென்று நிமிர்ந்து, “தெரியலங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

“ரெண்டு பேருங்களா ஐயா?” என்றார் கொண்டக்டர்.

அக்காவிடம் கொடுத்த வாக்கு. ஆமாம் என்றேன். ஹாலிஎலவிலிருந்து பதுளைக்கு இரண்டு டிக்கட், எண்பது ரூபாய்.